பிரயாணியும் பாரமும்

தன் எல்லைக்குள் அடியெடுத்து வைக்கும் அயலானை நோக்கி, "நீ யார்? எங்கிருந்து வருகிறாய்? எத்தனை நாள் தங்குவாய்?" என்று வினவ ஒவ்வொரு சர்க்காருக்கும் உரிமையுண்டு. வாசலில் வந்து நிற்பவனை வீட்டுக்காரன் விசாரிப்பது போன்றதே இது. இவ்வுரிமையை நாம் மறுக்க வரவில்லை. ஆயின், கேள்வி கேட்கும் உரிமை எவனுக்குண்டோ, பதிலைச் செவிமடுக்கும் கடமையும் அவனுக்கே உண்டு. கேள்வியை எழுதி வைத்துவிட்டு, கேட்டவன் எழுந்து போய்விட்டால், பதில் சொல்ல வந்தவன் யாரிடம் சொல்வான்?

இன்று தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் நம்மவர் வெளிநாடு செல்லப் புறப்படுங்கால் எதிர்ப்படும் இன்னல் இதுவே. கைப்பேசியிலும் கணினியிலும் நிரப்பவேண்டிய சர்க்கார்ப் பாரங்கள் இந்நாளில் நாட்டுக்கு நாடு பெருகிவிட்டன. இவற்றை வைவோர் பலர். இவை எவ்வாறு வந்தன என்று ஆராய்வோர் சிலரே. ஒரு வழக்கத்தின் வரலாற்றை அறியாதவன் அதனைத் திருத்தும் வழியையும் அறியான். ஆகவே, பாரத்தின் வரலாற்றை முதலில் சிறிது நோக்குவோம்.

நம் முன்னோர் கடல் கடந்த காலத்தில் பாரம் இல்லையென்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 1860ம் ஆண்டில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நெட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்தது. அந்நாள் தொட்டு அங்கு சென்ற ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பதிவு எழுதப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் என்பவற்றோடு, உடலில் காணும் மச்சம், தழும்பு முதலிய அடையாளங்களும் அதில் குறிக்கப்பட்டன. பிஜித் தீவுக்குச் சென்றோரின் சீட்டிலும் இவ்வாறே. மாட்டுச் சந்தையில் கொம்பும் சுழியும் பார்த்து எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரோ, தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பயணம் செய்தனர். எழுதப்படிக்கத் தெரியாதவனுக்கு அத்தகரமே பாரமாயிற்று.

மலாயாவுக்கு வந்தோரின் நிலையும் அறியத்தக்கது. 1907ம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910ம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணிமார் ஊர்தோறும் சென்று ஆள் திரட்டினர். திரட்டப்பட்டோர் நாகப்பட்டினத்திலும் சென்னையை அடுத்த ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டுக் கப்பலேறினர். பினாங்குக் கரையை நெருங்கியதும், நோய்த்தடைக்காக ஜெரஜாக் தீவில் இறக்கப்பட்டோர் பலர். இத்தனை இடங்களிலும் அவர்கள் பெயர் எழுதப்பட்டது. எழுதியவர் கிராணி. சொன்னவர் கூலி. கிராணியின் காதில் விழுந்தது எதுவோ அதுவே பெயராயிற்று. தென்னாப்பிரிக்காவிலும் பிஜியிலும் மொரீஷியஸிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, தம் பாட்டன் ஒருவனின் சொந்தப் பெயரையே, அதுவும் சிதைந்த எழுத்தில், இன்றும் குடும்பப் பெயராகச் சுமந்து வருதல் இதன் விளைவேயாம்.

அக்காலத்தை நாம் புகழவில்லை. அஃது அடிமைமுறையின் மறுபிறப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். அக்கொடிய மேசைக்கு அப்பாலும் ஒரு மனிதன் இருந்தான். "ஐயா, அப்படியன்று, இப்படி" என்று சொல்லவேனும் இடமிருந்தது. கேட்டவன் கேளாமற் போயிருக்கலாம். ஆனால் கேட்பதற்கு அவனுக்குக் காது இருந்தது.

பாரத்தின் முன் தமிழன் என்றும் தலைகுனிந்தே நின்றான் என்பதும் உண்மையன்று. 1907ம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் சர்க்கார், ஆசியர் அனைவரும் பத்து விரல் ரேகையும் பதித்துச் சான்றுச் சீட்டுப் பெறவேண்டும் என்று சட்டம் செய்தது. போலீசார் கேட்கும்போதெல்லாம் அதனைக் காட்டவேண்டும் என்றும் விதித்தது. இதனை எதிர்த்துக் காந்தியார் நடத்திய போராட்டத்தில் முன்னின்றோருள் தம்பி நாயுடு என்னும் தமிழர் சிறந்தவர். 1908ம் ஆண்டு ஆகஸ்டு 16ந் தேதி ஜோஹானஸ்பர்க் நகரில் ஹமீதியா மசூதியின் முன் மக்கள் கூடித் தம் சீட்டுகளைத் தீயிலிட்டனர். இவர்கள் தம்மை அடையாளங் காட்ட மறுத்தவர்களல்லர். அவ்வாண்டின் தொடக்கத்தில் தாமே மனமுவந்து பதிவு செய்துகொள்ள இசைந்தவர்களே. குற்றவாளியைப் போல் நடத்தப்படுவதையே அவர்கள் மறுத்தனர். பாரம் வேறு, பாரம் கேட்கும் விதம் வேறு என்னும் பாடத்தை அவர்கள் நமக்கு விட்டுச்சென்றிருக்கின்றனர்.

நிற்க. இன்று உலகெங்கும் வழங்கும் பாஸ்போர்ட்டுப் புத்தகம் எப்போது தோன்றிற்று என்று பார்ப்போம். 1914ம் ஆண்டுக்கு முன் மேற்கு ஐரோப்பாவில் வசதியுள்ளோர் பெரும்பாலும் பாஸ்போர்ட்டு இன்றியே நாடு விட்டு நாடு சென்றுவந்தனர். முதல் உலகப்போர் மூண்டதும், ஒற்றர்க்கு அஞ்சி, சர்க்கார்கள் எல்லைகளை அடைத்துச் சீட்டுக் கேட்கத் தொடங்கின. போர் முடிந்தது, சீட்டு முடியவில்லை. 1920ம் ஆண்டில் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிஸ் நகரில் ஒரு மகாநாடு கூடியது. பாஸ்போர்ட்டு 32 பக்கங்கொண்ட புத்தகமாக இருக்கவேண்டும், குறைந்தது இரண்டு மொழிகளில் இருக்கவேண்டும், அவற்றுள் ஒன்று பிரெஞ்சாக இருக்கவேண்டும் என்று அம்மகாநாடே வகுத்தது. போருக்கு முன்னிருந்த தடையற்ற நிலைக்கு உடனே திரும்ப இயலாது என்றும், ஆயினும் அண்மையில் அந்நிலை படிப்படியாகத் திரும்புமென நம்புவதாகவும் அம்மகாநாடு கூறியது. தற்காலத்துக்கு மட்டும் என்று கூறப்பட்ட அவ்வேற்பாடு ஒரு நூற்றாண்டைக் கடந்து நிலைத்துவிட்டது. சர்க்கார்கள் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரும் பாரத்தின் ஆயுளை அறிய விரும்புவோர்க்கு இது ஒன்றே போதும்.

மலாயாவிலும் கதவு சிறிது சிறிதாகவே அடைபட்டது. 1938ம் ஆண்டில் உடலுழைப்பாளர் உதவிபெற்று இங்கு வருவதை இந்திய சர்க்கார் தடுத்தது. 1948ம் ஆண்டில் அவசரகாலம் பிறந்ததும், 12 வயதைக் கடந்த அனைவருக்கும் படமும் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வந்தது. 1952ம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் வெளியாரின் வரவை மேலும் இறுக்கியது. 1967ம் ஆண்டில் ஜொகூர்ப் பாலத்தின் இரு தலைப்பிலும் பாஸ்போர்ட்டுச் சோதனை தொடங்கிற்று. அதற்கு முன் சிங்கப்பூரிலுள்ள அக்காள் வீட்டுக்கு மாலை வண்டியில் போய் மறுநாள் திரும்பியவன், பின் சீட்டோடு வரிசையில் நின்றான்.

இக்காலத்திலும் பாரம் காகிதத்தில்தான் இருந்தது. 1926ம் ஆண்டில் கட்டப்பெற்று 1973ம் ஆண்டு வரை சென்னைக்கும் இந்நாட்டுக்குமிடையே ஓடிய 'ரஜூலா' கப்பலின் மேல்தட்டில் வந்த எழுத்தறியாதவர்க்கு, பக்கத்திற் பாய்விரித்த எழுத்தறிந்தவர் எழுதிக் கொடுக்கக்கூடியதாக அது இருந்தது. விமானத்தில் வருகை அட்டையை நிரப்பப் பேனாவையும் கண்ணாடியையும் இரவல் வாங்கியோர் பலர். ஓர் இடம் வெறுமையாக இருந்தால் உத்தியோகஸ்தர் தலையை நிமிர்த்தி, "எங்கே தங்குவீர்?" என்று கேட்பார். பதில் சொன்னால் தாமே எழுதிக்கொள்வார். ஊரிலோ, தபாலாபீஸ் அருகே அஞ்சடியில் மேசை போட்டு மனு எழுதுவோர் இருந்தனர். சில காசுக்கு ஒருவன் தன் குறையை அவரிடம் வாயாற் சொல்லித் தாளில் ஏற்றிவிடலாம்.

பிரயாணிகளின் தொல்லையைக் குறைப்போம் என்று உலக நாடுகள் வாக்களிக்காமலும் இல்லை. 1944ம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை, விமானப் பிரயாணத்தில் வீண் தாமதங்களைத் தவிர்க்குமாறு நாடுகளைப் பணித்தது. 1949ம் ஆண்டில் அதன் ஒன்பதாம் இணைப்பு இதற்கென்றே இயற்றப்பட்டது.

அடுத்து வந்தது யந்திரம். 1980ம் ஆண்டில் சர்வதேச விமான அமைப்பு, யந்திரத்தாற் படிக்கத்தகும் பாஸ்போர்ட்டுக்கு இலக்கணம் வகுத்தது. நம் பாஸ்போர்ட்டின் படப்பக்கத்தின் அடியிற் காணும் இரண்டு வரிகள் அவ்விலக்கணத்தின்படி அமைந்தவையே. முதல் வரியில் பெயருக்கு 39 இடங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, எண் 10, இடத்தை நிரப்பும் குறி ஒன்று. இவையன்றி வேறெதையும் அவ்வரிகள் ஏற்கமாட்டா. 1998ம் ஆண்டில் உலகிலேயே முதன்முதலாகச் சில்லுப் பதித்த பாஸ்போர்ட்டை வழங்கிய நாடு மலேசியா என்பது நாம் பெருமைப்படத் தக்கதே.

ஆனால் இங்கேதான் தமிழனின் தனித்த துன்பம் பிறந்தது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. நம் பெயர் நம்முடையது. அதனோடு தகப்பன் பெயர் சேரும். தமிழ்நாட்டில் அது முதலெழுத்தாக முன்னிற்கும். மலேசியாவில் 'மகன்', 'மகள்' என்பதைக் குறிக்கும் மலாய்ச் சொற்களின் முதலெழுத்துகளுக்கிடையே ஒரு சாய்ந்த கோட்டோடு நடுவில் நிற்கும். சாதிப் பட்டத்தைப் பெயரின் வாலிலிருந்து வெட்டி எறிந்த இயக்கத்தின் வழிவந்தோர்க்கு இது பெருமையேயன்றிக் குறையன்று. ஆயினும் பாரம் இதை அறியாது. 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று சிவப்பு எழுத்தில் அது கூறும். சாய்ந்த கோட்டை இட்டால், 'தவறான குறி' என்று தள்ளும்.

ஒற்றைப் பெயருடையோர்க்கு நேர்வதையும் கேளுங்கள். அமெரிக்க விசாவில் அவர் பெயருக்கு முன், முதற்பெயர் அறியப்படவில்லை என்று பொருள்படும் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் ஏறுகின்றன. 2022ம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகள், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா முதலிய வருகை விசாவை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தன. பின்னர், பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் தகப்பன் பெயர் இருப்பின் ஏற்போம் என்று தளர்த்தின. இத்தனைக்கும் 1980ம் ஆண்டில் தோன்றிய அந்த இலக்கணமோ, இரண்டாகப் பிரிக்க இயலாத பெயருக்கு இடமளித்தே இருக்கிறது. சட்டம் இடங்கொடுத்ததைப் பாரம் அமைத்தவன் மறந்தான். மறந்தவனைத் தேடிக் கண்டு கேட்க வழியில்லை.

இனி, கைப்பேசிப் பாரம் வந்த வகையைப் பார்ப்போம். 1996ம் ஆண்டில் ஆஸ்திரேலியா மின்வழி அனுமதியைத் தொடங்கிற்று. 2009ம் ஆண்டு ஜனவரி முதல், விசாவின்றி அமெரிக்கா செல்லும் உரிமையுடைய சிங்கப்பூரர் முதலியோர் முன்கூட்டியே மின்வழி அனுமதி பெறுவது கட்டாயமாயிற்று. 2014ம் ஆண்டு நவம்பரில் இந்தியா மின்விசாவுக்கு அடிகோலியது. 2020ம் ஆண்டு மார்ச்சில், கொள்ளைநோய் பரவிய வேளையில், சிங்கப்பூர் காகித அட்டையைக் கைவிட்டு மின் அட்டைக்கு மாறியது. அந்நோய்க் காலத்தில் இந்தியா புகுந்தோர் 'ஏர் சுவிதா' என்னும் பாரத்தோடு மல்லாடியது பலருக்கு நினைவிருக்கும். 2025ம் ஆண்டில் தாய்லாந்து மே மாதத்திலும், இந்தியா அக்டோபரிலும் தத்தம் மின் வருகை அட்டைகளைக் கொண்டுவந்தன.

மலேசியாவின் கதை இவற்றுள் கவனிக்கத்தக்கது. வெளிநாட்டார் நிரப்பிவந்த காகித அட்டை 2012ம் ஆண்டில் விலக்கப்பட்டது. ரேகையை யந்திரம் பதிவதால் அட்டை தேவையில்லை என்று அனைவரும் மகிழ்ந்தனர். பின்னர் 2024ம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு, சிங்கப்பூர்க் குடிகள் முதலிய சிலரொழிய, வெளிநாட்டார் வருகைக்கு முன் மூன்று நாளுக்குள் டிஜிட்டல் அட்டை நிரப்பவேண்டும் என்று விதியாயிற்று. தேவையில்லை என்று நீக்கிய கேள்விகள் பன்னிரண்டு ஆண்டில் வேறு உருவில் திரும்பின. இந்தியக் குடிகளுக்கு 2023ம் ஆண்டு டிசம்பர் முதல் விசா வேண்டாம் என்று மலேசியா கதவைத் திறந்ததால், தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நம் உறவினர் பலர் வரத்தலைப்பட்டனர். அவர்கள் புறப்படுமுன் நம்மிடம் கேட்பது சீலையும் தைலமும் அன்று, "அந்த அட்டையை எப்படி நிரப்புவது?" என்பதே.

இந்தியாவின் மின்விசாப் பாரத்தை நாம் ஊன்றிப் படித்தோம். அதில் மதம் கேட்கப்படுகிறது. பெற்றோரின் பெயர், அவர்கள் பிறந்த ஊர், பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பாக்கிஸ்தான் குடிகளா, பத்து ஆண்டுகளிற் சென்ற நாடுகள் எவை என்பன கேட்கப்படுகின்றன. இவற்றோடு, உடலில் வெளிப்படையாகத் தெரியும் அடையாளமும் கேட்கப்படுகிறது. நெட்டாலுக்கும் பிஜிக்கும் கப்பலேறியவர்களின் மச்சத்தையும் தழும்பையும் அன்று கிராணி குறித்தான். அக்கூலியின் கொள்ளுப்பேரன், தன் முன்னோரின் ஊரைக் காணவேண்டி, தன் மச்சத்தைத் தானே இன்று தட்டி எழுதுகிறான். கேள்வி மாறவில்லை, கேட்கும் ஆள்தான் மறைந்துவிட்டான். இதனோடு, படம் 10 கிலோபைட்டுக்குக் குறையாமலும் ஒரு மெகாபைட்டுக்கு மிகாமலும் இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டுப் பிரதி 300 கிலோபைட்டுக்கு மிகலாகாது. செம்பனைக் குலை ஒன்றின் எடையைக் கண்ணாலே மதிப்பிடவல்ல தொழிலாளி இந்த எடையை எதில் நிறுப்பான்?

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் நாம் ஆங்கிலப் படிப்புப் பெற்றவராதலின், மாலை வேளைகளில் இத்தகைய பாரங்கள் நம் மேசைக்கு வருகின்றன. முப்பது ஆண்டு பால்மரம் வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவர், வெளிநாட்டில் வாழும் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போகவேண்டியிருந்தது. பேரன் பாரத்தை நிரப்பினான். குடும்பப் பெயர்க் கட்டத்தில் வேறு வழியின்றி அவருடைய தகப்பன் பெயரை இட்டான். பாரம் ஏற்றுக்கொண்டது. விமான நிலையத்திலோ, பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையும் இதுவும் ஒவ்வவில்லை என்று நிறுத்திவிட்டனர். "இது என் அப்பா பெயர்தானே?" என்றார் அம்மூதாட்டி. நிறுத்தியவர் கெட்டவரல்லர். அவரும் தம் திரை காட்டியதையே சொன்னார். புதிதாக ஒரு பாரம் நிரப்பி அது மீளும்வரை அவர் வெளியே காத்திருந்தார், விமானம் போய்விட்டது. மகளுக்குக் குழந்தை பிறந்த அன்று தாய் அருகில் இல்லை. பாரப்பிழை என்று ஆபீஸ் கணக்கில் எழுதப்படும் ஒன்று, வீட்டுக் கணக்கில் இவ்வாறு விழுகிறது.

விமானக் கம்பெனியார் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கின்றனர் என்பதற்கும் வரலாறு உண்டு. தக்க சீட்டில்லாதவரை ஏற்றிவந்தால் கம்பெனிக்கே அபராதம் என்று பல நாடுகள் சட்டம் செய்தன. பிரிட்டனில் 1987ம் ஆண்டின் சட்டம் தலைக்கு 1,000 பவுன் விதித்தது. அதனால் எல்லைக் காவல் எல்லையை விட்டுப் பெயர்ந்து, நாம் புறப்படும் விமான நிலையத்துக்கே வந்துவிட்டது. அங்கிருப்பவரோ மற்றொரு நாட்டின் விதியைத் தளர்த்தும் அதிகாரம் இல்லாதவர்.

இச்சந்தில் புகுந்தவர் மோசக்காரர். மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியவற்றின் வருகை அட்டைக்குக் கட்டணமே இல்லை. ஆயினும் சர்க்கார்ப் பக்கம் போலவே தோற்றமளிக்கும் பக்கங்களை அமைத்துப் பணம் பறிப்போர் இருக்கின்றனர். இவர்களைக் குறித்துச் சர்க்கார்களே எச்சரித்துள்ளன. அஞ்சடியில் இருந்த மனு எழுதுபவர் வாங்கிய சில காசுக்கு ஒரு வேலை செய்தார். அவர் முகமும் நமக்குத் தெரியும். இவர்களுக்கோ முகமே இல்லை.

"இவையெல்லாம் முன்னேற்றமல்லவா? வரிசை குறைகிறது; காகிதம் மிஞ்சுகிறது; நோயும் குற்றமும் முன்கூட்டித் தெரிகின்றன" என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. கைப்பேசி பழகிய இளைஞன் ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்துச் செல்வதை நாமும் காண்கிறோம். பகுத்தறிவுள்ளவன் யந்திரத்தைப் பகைக்க மாட்டான். ஆனால் யந்திரம் பலருடைய வேலையை எளிதாக்கும்போது, எஞ்சிய சிலருக்குச் செலவிடச் சர்க்காருக்குப் பொழுது கிடைக்கிறதன்றோ? அப்பொழுதை அச்சிலருக்கே கொடுக்கவேண்டும் என்பதுதான் நம் வாதம். அச்சிலர் யார்? முதியோர், கண் மங்கியோர், ஆங்கிலம் அறியாதோர், ஒற்றைப் பெயருடையோர். நம்மிடையே அவர்கள் சிலரல்லர்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. ஒவ்வொரு நுழைவாயிலிலும், பாரம் நிரப்ப இயலாதவரிடம் வாயாற் கேட்டு எழுதிக்கொள்ளும் மேசை ஒன்று இருக்கவேண்டும். குடும்பப் பெயர் இல்லை என்று குறிக்க ஒரு கட்டம் வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை ஏற்கவேண்டும். தமிழர் மிகுதியாக வந்துபோகும் நாடுகளின் பாரம் தமிழிலும் இருத்தல் வேண்டும். கட்டணம் இல்லையாயின், அதனை முதற்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் சொல்லவேண்டும். பிழை நேர்ந்தால் அதனை அங்கேயே திருத்தும் அதிகாரமுள்ள ஒருவர் விமான நிலையத்தில் இருக்கவேண்டும். இவற்றுள் ஒன்றேனும் எந்த நாட்டின் பாதுகாப்பையும் குலைக்காது.

சர்க்கார் செய்யும்வரை நாம் கைகட்டி இருத்தலும் தகாது. நம் சங்கங்களும் வாசகசாலைகளும் வாரம் ஒரு மாலை இதற்கென ஒதுக்கலாம். படித்த இளைஞர் இருவர் அங்கே அமர்ந்து, காசு வாங்காமல், வருவோருக்கு உண்மையான சர்க்கார்ப் பக்கத்தைக் காட்டிப் பாரம் நிரப்பிக் கொடுக்கலாம். நிரப்புமுன், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக உரக்கப் படித்துக் காட்டவேண்டும். அச்சிட்ட பிரதி ஒன்றையும் பிரயாணியின் கையிற் கொடுத்தனுப்ப வேண்டும். படித்தவன் படியாதவனுக்குச் செய்யும் உபகாரம் என்று இதனை எண்ணலாகாது. கங்காணியும் கிராணியும் எழுதிய பெயர்களால் ஒரு சமூகமே தன் பெயரைத் தொலைத்த வரலாற்றை அறிந்தவன் செலுத்தவேண்டிய கடன் இது. வரும் பள்ளி விடுமுறைக்குப் பிரயாணம் போவோர் இப்போதே சீட்டு வாங்கத் தொடங்கிவிட்டனர். அதற்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மேசையேனும் போடப்படுமாயின், இக்கட்டுரையை எழுதியதன் பயன் கிட்டியதென்று மகிழ்வோம்.